பொலித்தீன் கழற்றாத சிலிண்டர்

தீயணைப்பு சிலிண்டர் விற்கிறவனுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு: விற்ற பொருள் ஒருநாளும் பாவனைக்கு வரக்கூடாது என்று வாங்கினவரும் துஆ கேட்பார், விற்றவனும் கேட்பான். நுரைச்சோலையில் ஜீப்களுக்கு லைட், கூரைக் கம்பி, சிலிண்டர் எல்லாம் பூட்டிக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. ஆலங்குடா கடற்கரை மணலில் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஓடும் ஜீப்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். நீங்களும் ஒரு கடையை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குப் புத்தி சொல்லித் தொண்டை வற்றினவர் என்றால் கிட்ட வந்து உட்காருங்கள். நம்முடைய கஷ்டம் நமக்குத்தான் விளங்கும். ஆனால் இந்தச் சனத்திடம் நான் பழகிக்கொண்டவையும் கொஞ்சநஞ்சமல்ல. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

புதுசு கெடாமல்

பாரூக் நானாவை (எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்போம்) தெரியாதவர்கள் ஆலங்குடாவில் இல்லை. மீன்பிடித் தோணியை விற்று ஜீப் வாங்கியவர். அந்த ஜீப் ஓடினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். கரையில் நிற்கும் ஜீப் வரிசையில் முதல் இடம் எப்போதும் அவருக்குத்தான், வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். சிலிண்டர் வாங்க வந்தபோது ராக்கையில் இருந்ததிலேயே சின்னதைத் தூக்கி, "இது வடிவா இரிக்கு" என்றார். வடிவைப் பார்த்து வாங்கும் சாமானா இது? சின்னது ஊதத் தொடங்கும் முன்பே தீர்ந்துவிடும். டீசலும் வயரும் சேர்ந்து எரியும் இடத்துக்குத் தூள் சிலிண்டர், அதிலும் இரண்டு கிலோவாவது வேண்டும் என்று அரை மணித்தியாலம் வாதாடி, பெரியதையே வாங்க வைத்தேன்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பூட்டுவதற்கு ட்ரில்லை எடுத்தால் மனிதர் தடுத்துவிட்டார். சிலிண்டரைச் சுற்றியிருந்த பொலித்தீனையும் கழற்ற விடவில்லை. அவருடைய ஜீப்பின் சீட்டுகளிலும் கடையில் போட்டுக் கொடுத்த பொலித்தீன் இன்னும் அப்படியே இருந்தது, உட்கார்ந்தால் வெயிலுக்குத் தொடையில் ஒட்டும். (சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு டீவி ரிமோட்டைப் போய்ப் பாருங்கள்.) பின்சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டியில், வெள்ளைக்காரர்கள் படகேறும்போது போடும் லைஃப் ஜக்கட்டுகளுக்குக் கீழே சிலிண்டரை ஒரு குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்திப் பூட்டுப் போட்டார். ஏன் நானா, முன்னால் பூட்டினால் என்ன என்று கேட்டேன்.

"கண்ணுக்கு முன்னுக்குச் செவப்பா ஒண்டு தொங்கினா, இது அடிக்கடி பத்துற ஜீப்பாக்கும்னு வெள்ளைக்காரன் வேற ஜீப்புல ஏறிடுவான் தம்பி."

உடப்பிலிருந்து வந்த முடிச்சு

செல்வம் உடப்பு என்கிற மீனவர் ஊர்க்காரர். கரைவலை இழுக்கும் இடம்வரை மணலில் இறங்கி மீன் ஏற்றிவரும் பழைய பிக்கப் ஒன்று வைத்திருக்கிறார். அவருக்கு நான் பூட்டிக்கொடுத்தது சிலிண்டரோடு வரும் இரும்புப் பிரக்கெட். போல்ட் போட்டு, அடியில் அகலமான வாஷர் கொடுத்து, யானை இழுத்தாலும் வராதபடி பூட்டினேன். சிலிண்டரைச் சுற்றிப் பிடிக்கும் பட்டியில் ஒரு கொளுக்கி இருக்கும், அதைத் தட்டினால் பட்டி திறக்கும். கொஞ்ச நாளில் செல்வம் திரும்பி வந்தார். உப்புக்காற்றில் கொளுக்கி கறள் பிடித்து இறுகியிருந்தது. நான் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், எண்ணெய் விட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். வரவில்லை. யானை இழுத்தாலும் வராது என்று சொன்னது நான்தானே.

செல்வம் பட்டியை வெட்டி எறிந்துவிட்டு, வலை பின்னும் நைலோன் நூலை எடுத்துப் பிரக்கெட்டோடு சேர்த்துச் சிலிண்டரைக் கட்டினார். பள்ளத்தில் விழுந்து எழும்பினாலும் அசையாத கட்டு. ஆனால் நூலின் வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் முடிச்சு இருந்த தடமே தெரியாது. நான் கட்டிப் பழக அன்று பகல் முழுக்கப் போனது, அவருக்கு ஒரு பீடி பற்றவைக்கிற நேரம் போதும். கடற்கரையில் ஓடுகிற ஜீப் எது வந்தாலும் இப்போது அந்த முடிச்சைத்தான் போடுகிறேன். எங்கே பழகினீர்கள் என்று ஆசையோடு கேட்டேன்.

"காத்துத் திரும்பினா நங்கூரக் கயித்த ஒரே இழுவையில விடோணும் நானா. அங்க நிண்டு முடிச்சு அவுத்துக்கொண்டிருந்தா வீட்டுக்கு வர ஏலாது."

கண்ணை மூடிக்கொண்டு

ரிஸ்னாவின் கணவர் கட்டாரில் வேலை. அவர் விட்டுப்போன ஜீப் வாசலில் வெயில் காய்வதைப் பார்க்கப் பொறுக்காமல், தானே ஓட்டப் பழகி, ஆலங்குடா வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியவர். பாரூக் நானாவுக்கு அது பிடிக்கவில்லை. இது என்ன பொம்பளைகள் செய்கிற வேலையா என்று என் கடையிலிருந்தே கேட்டிருக்கிறார். ரிஸ்னா வரிசையின் கடைசியில் நிற்பார், யாரோடும் சண்டை பிடிக்கமாட்டார்.

சிலிண்டர் பூட்ட வந்தவருக்கு நான் மூன்று இடம் காட்டினேன், மூன்றும் பார்வைக்கு அழகான இடங்கள். ரிஸ்னா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டையும் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடினார். பிறகு பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே வைத்து, கையைப் பின்னால் விட்டார். சீட்டின் அடிப்பாகத்தில், கதவுப் பக்கமாக, கை போய் ஓர் இடத்தில் நின்றது. திரும்ப ஏறி, திரும்ப இறங்கினார். கை அதே இடத்தில் நின்றது. இத்தனை காலம் நான் கண்ணால் பார்த்துத்தான் இடம் தேடியிருக்கிறேன் என்று அப்போது உறைத்தது.

"பொகைக்குள்ள கண் ஒண்டும் தெரியாது நானா. கைக்குத் தெரியிற எடத்துல பூட்டித் தாங்க."

வெள்ளிக்கிழமைக் குளிப்பு

நம் பக்கத்தில் ஜும்ஆவுக்கு முன் மனிதர்கள் மட்டுமல்ல, ஜீப்களும் குளிக்கும். உப்பு போக நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ரிஸ்னா வீட்டு வழியாகப் போனேன். ஜீப்பைக் கழுவி முடித்தவர் சிலிண்டரை அவிழ்த்து, தலைகீழாகப் பிடித்து, அடியில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார். மேடுபள்ளத்தில் குலுங்கிக் குலுங்கித் தூள் அடியில் இறுகிவிடும், இடைக்கிடை இப்படித் தட்டிவிடுங்கள் என்று வாங்குகிற எல்லாருக்கும் நான்தான் சொல்வேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒருவர் உண்மையாகவே தட்டுவதை அன்றுதான் கண்டேன், சந்தோஷத்தில் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன்.

"கிழமைக்கு ஒருக்கா நாம எல்லாரும் சுத்தமாகிற நாள்ல, இதையும் ஒருக்கா எழுப்பிவிட்டா என்ன கொறஞ்சிடும் நானா?"

ஆலங்குடா மணலில்

கரையோர ஹோட்டல் ஒன்றின் வாகனங்களுக்குச் சிலிண்டர் பூட்ட ரிஸ்னாவின் ஜீப்பில்தான் போனேன். மடியில் ட்ரில் பெட்டி. எங்களுக்கு முன்னால் மணல் பாதையில் பாரூக் நானாவின் ஜீப், பின்சீட்டில் ஒரு வெள்ளைக்காரத் தாயும் இரண்டு பிள்ளைகளும். கூரையில் புதிதாக லைட் போட்டிருந்தார், வயரைத் தானே இழுத்துவிட்டிருந்தார். திடீரென்று பொனட்டிலிருந்து கறுப்புப் புகை. ஜீப் நின்றது. நானா குதித்து, முதலில் பிள்ளைகளைத் தூக்கி இறக்கினார், பிறகு தாயை. தன் ஜீப் எரியும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைச் செய்தார். அந்த மனிதரைப் பற்றி நான் கேலியாகச் சொன்ன அத்தனைக்கும் இது ஈடு.

அதற்குப் பிறகுதான் சிலிண்டர் ஞாபகம் வந்தது. பயணப் பைகளைத் தள்ளி, பெட்டியைத் திறந்து, லைஃப் ஜக்கட்டுகளை வீசி, வெளியே எடுத்தால், பொலித்தீன். மேலே செருகியிருக்கும், இழுத்தெடுத்தால்தான் அமுக்க முடிகிற சேஃப்டி பின்னும் அதற்குள்தான். வியர்த்த விரல் வழுக்கியது. பல்லால் கடித்தார். ரிஸ்னா காற்று முதுகுப் பக்கம் வரும்படி ஜீப்பைத் திருப்பி நிறுத்தினார். கால் கீழே, கை பின்னால், நூலின் வாலில் ஒரு இழுப்பு. ஓடிப்போய், பொனட்டை முழுதாகத் திறக்காமல் நாலு விரல் மட்டும் தூக்கி, அந்த இடுக்கால் தூளை அடித்தார். திறந்திருந்தால் காற்றுப் புகுந்து முழுவதும் பிடித்திருக்கும். நானும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். கையில் என்ன என்று பார்த்தால் ட்ரில்.

நெருப்பு அணைந்தது, ரிஸ்னாவின் சிலிண்டரும் காலியானது. எஞ்சின் மாவில் புரட்டினது போல வெள்ளையாக இருந்தது. வயர் கொஞ்சம் கருகியதோடு ஜீப் தப்பிவிட்டது. பாரூக் நானா மணலில் உட்கார்ந்து, பொலித்தீனைச் சுக்குச் சுக்காகக் கிழித்து எடுத்தார். பிறகு எழுந்து, பளபளவென்று இருந்த அந்தப் புதுச் சிலிண்டரைக் கொண்டுபோய் ரிஸ்னாவின் கையில் கொடுத்தார். ரிஸ்னா வாங்கத் தயங்கி, "அப்ப உங்களுக்கு நானா?" என்றார்.

"என்ட ஜீப்பு இனி கராஜுக்குத்தானே போகும். நாளைக்கு மணல்ல ஓடப்போறது உங்கட ஜீப்பு, வரிசையில முன்னுக்கு வந்து நில்லுங்க. இவ்வளவு நாளும் இதப் புதுசா வெச்சிருந்தது உங்களுக்குத் தரத்தான்னு நெனச்சுக்கோங்க தங்கச்சி."

இப்போதெல்லாம் சிலிண்டர் வாங்குகிறவர் கண்ணுக்கு முன்னாலேயே நான் பொலித்தீனைக் கிழித்துவிடுகிறேன். புதுச் சாமானைக் கெடுத்துவிட்டாய் என்று அவர் என்னோடு சண்டைக்கு வந்தால், கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் பாரூக் நானா கோப்பையை வைத்துவிட்டு எனக்காக எழுந்து வருகிறார்.