தானாக மூடும் கதவு

பாறசாலையில் வீடு கட்டியபோது பின்னால் ஒரு நீச்சல்குளமும் கட்டினோம். சுற்றிலும் வேலி, தானாக மூடிக்கொள்ளும் கதவு இரண்டும் இருந்தால்தான் அனுமதி என்றார்கள். சட்டத்துக்காகத்தான் வைத்தேன்.

அன்று எங்கள் வீட்டில் சபையாரின் ஜெபக்கூட்டம். குளத்துக்கு அப்புறமிருந்த ஷெட்டிலிருந்து நாற்காலிகள் எடுக்க வேண்டும். "இந்தக் கதவு வந்து வந்து அடையுது, ஒரு கயிறெடுத்துக் கெட்டுங்க" என்றாள் மனைவி. திறந்தபடி கட்டினேன். பிறகு அவிழ்க்கவில்லை.

போதகர் நீளமாக ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். நடுவே பின்பக்கம் 'பொளக்' என்றொரு சத்தம். எல்லோருக்கும் கேட்டிருக்கும். ஒருவரும் கண் திறக்கவில்லை. ஜெபத்தில் திறப்பது எங்களுக்கு வழக்கமில்லை. தேங்காய் விழுந்திருக்கும் என்று நானும் அப்படியே இருந்தேன்.

ஆமென் சொன்னதும் பின்வாசலுக்குப் போனேன். தண்ணீரில் ஒரு குட்டிச் செருப்பு மிதந்தது. குளத்தின் விளிம்பில் என் தங்கையின் மூன்று வயது மகள் குனிந்து, தண்ணீரை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் வாரி எடுத்தேன்.

"மாமா, உள்ள ஒரு பிள்ள நிக்கா. ஒரு செருப்பு குடுத்தேன். இன்னும் வா வாண்ணு விளிக்கா."

அவளுடைய பிம்பம்தான், தெரியும். ஆனால் அவளுக்குப் பயமேயில்லை. போகவிடு என்று என் கையில் திமிறினாள்.

இப்போதும் வீட்டில் கூட்டம் நடக்கிறது. எல்லோரும் கண்ணை மூடுகிறார்கள். நான் மூடுவதில்லை.