பார்க்க மட்டும் அனுமதி

போன வாரம் ஆபீஸ் மீட்டிங்கில் வாயடைத்துப் போனேன். திட்டு வாங்கி அல்ல... பிரமித்து!

எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்கு விளம்பர வாசகம் எழுதுவது என் பகல் பிழைப்பு. தமிழையும் கன்னடத்தையும் சத்தமாக வாசித்துக் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றை வெளியிடப் போகிறோம். அறிவிப்பின் முதல் வரியிலேயே 'ஓப்பன் சோர்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருந்தேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். கலைவாணி மட்டும் கை தூக்கினார்.

அல்சூர்ப் பெண். பார்வை கிடையாது. இந்த சாஃப்ட்வேரைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"சார், இதோட லைசென்ஸ் நிபந்தனைகளை வாசிக்க வச்சு முழுசா கேட்டேன். இது ஓப்பன் சோர்ஸ் இல்ல."

எம்.டி. பிரபு சேலத்துக்காரர். கோபம் வந்தால் குரல் தாழும். தாழ்ந்தது.

"புரோகிராம் எழுதின சோர்ஸ் கோடு மொத்தமும் வெப்சைட்ல இருக்கேம்மா. யார் வேணா பாத்துக்கலாம்."

"பாக்கலாம் சார். ஓப்பன் சோர்ஸ்னா எடுக்கவும் திருத்தவும் மத்தவங்களுக்குக் குடுக்கவும் விடணும். இதை எடுத்து இன்னொருத்தர் சொந்தமா சர்வீஸ் நடத்தலாமா?"

"அதெப்படி? பெரிய கம்பெனிக்காரன் தூக்கிட்டுப் போனா நாம காலி!"

"நியாயம்தான் சார். லைசென்ஸை மாத்தச் சொல்லல. அந்தப் பேரை மட்டும் போடாதீங்க."

"ரெண்டு வார்த்தைக்கு இவ்ளோ கலாட்டாவா?"

கலைவாணி அசரவில்லை. காலேஜில் அவருக்குப் பாடம் வாசித்த சாஃப்ட்வேரை, அதைத் தயாரித்த கம்பெனி பாதியில் கைவிட்டதாம்.

"ஓப்பன் சோர்ஸா இருந்துச்சு. யாரோ எடுத்து, ரிப்பேர் பண்ணி, எல்லாருக்கும் குடுத்தாங்க. யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டியதே இல்ல. அதுலதான் டிகிரி முடிச்சேன். வெறுமனே பாக்க மட்டும் விட்டிருந்தா, எனக்கு என்ன சார் பிரயோஜனம்?"

பிரபு அறிவிப்பைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியில் விரலை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த ரெண்டு வார்த்தையை எடுத்துடுங்க. 'சோர்ஸ் கோடு படிக்கலாம், நிபந்தனைகள் உண்டு'ன்னு போடுங்க."

லைசென்ஸ் மாறவில்லை. பொய் மட்டும் போனது. இனி எந்த அறிவிப்பும் கலைவாணி கேட்டுச் சரி சொன்ன பிறகுதான் வெளியே போக வேண்டும் — இது பிரபுவின் புது உத்தரவு.

யோசித்துப் பாருங்கள்... முகம் தெரியாத யாரோ, எங்கோ உட்கார்ந்து, 'எடுத்துக்கோ, திருத்திக்கோ, கொடு' என்று எழுதி வைத்த அனுமதி. அது அல்சூரில் ஒரு பெண்ணைப் பட்டதாரி ஆக்கியிருக்கிறது. எனக்குச் சிலிர்த்தது.

லிஃப்ட்டில் கேட்டேன். "பயமா இல்லையா கலைவாணி?"

"பயமாத்தான் இருந்துச்சு சார். ஆனா அந்தப் பேரை நம்பித்தானே எத்தனையோ பேர் எடுத்து யூஸ் பண்றாங்க. அதுவும் பொய்யாயிட்டா?"

பத்து வருடமாக அந்த இரண்டு வார்த்தைகளை எழுதுகிறேன். ஒரு தடவைகூட லைசென்ஸைப் படித்ததில்லை!