நிறம் மாறிய மீனும் மிக்கேல் சாரும்

இராமநாதபுரம் பஸ் நிலையத்து டீக்கடையில்தான் செய்தி கிடைத்தது. "மிக்கேல் வாத்தியார் போயிட்டாராம்ல, அந்த மீன் திருடினவரு." சொன்னவனுக்கு அவர் முகம்கூடத் தெரியாது. அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான்; அவர் விஞ்ஞானம், நான் தமிழ். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களுக்காகவும்தான்.

கொழும்பில் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், எங்கள் ஊரில் இருந்த தன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல்மீன் வளர்க்க ஆசைப்பட்டார். பொறுப்பு மிக்கேல் சாருக்கு. சேதுக்கரையிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாகக் கடல் தண்ணீர் வந்தது. விரல் நீள மீன் ஒன்றைச் சார் பிடித்துவந்து தொட்டியில் விட்டார். கருநீல உடம்பு, வெள்ளை வளைவுகள். "புஸ்தகத்துல ஏஞ்சல்னு, தேவதூதன்னு போட்டிருக்கான். எங்க கோயில்ல சம்மனசுன்னு சொல்லுவோம்" என்று பெருமையடித்துக்கொண்டார்.

ஜோடியாக இன்னொன்று விடலாமே என்றேன். பாய்ந்துவிட்டார். "ஏலே, ஒண்ணை ஒண்ணு கொத்தியே கொன்னுபோடும். வீட்டுத் தொட்டிக்கு ஒரு சம்மனசு போதும்!" ஊர் அவரை முன்கோபி என்றது. முன்கோபிதான், அதற்கென்ன?

முதலாளி கொழும்பு போய் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பினார். அதற்குள் மீன் கையகலம் வளர்ந்து, வளைவுகள் மறைந்து, பழுப்பு உடம்பில் நீலப் பொட்டுகளோடு நீந்திக்கொண்டிருந்தது. இந்த வகை வளர வளர அப்படித்தான் மாறும். "என் நீல மீனை எவனுக்கோ வித்துப்போட்டு, சந்தை மீனை விட்டிருக்கீரு!" என்று முதலாளி கத்தினார். "அதே மீன்தாங்க. வளந்திருச்சு" என்றார் சார். கூடமே சிரித்தது. அதே மீன்தான் என்று நானும் சொன்னேன், கூட்டுக்களவாணி என்றார்கள். அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை தினமும் தொட்டியருகே உட்கார்ந்து வேலை பார்த்தவர், மீன் மாறியதைக் கண்ணால் கண்டவர். முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு முதலாளி ஆளனுப்பினார். புதிதாக ஒரு நீல மீன் கொண்டுவந்து விட்டால் மன்னித்துவிடுவாராம். சாருக்கு அது ஒரு காலைப்பொழுது வேலைதான். ஒன்றைப் பிடித்துவந்து விடுங்கள் என்று நானே கெஞ்சினேன். "விட்டா, திருடுனது நான்தான்னு ஆயிரும். அவரு மன்னிப்பை அவரே வச்சுக்கிடட்டும்" என்றார். அதன்பின் யாரும் அவரை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. அவர் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூடப் பின்வாங்கினார்கள்.

அடக்கத்துக்கு அந்தக் கணக்குப்பிள்ளை வந்திருந்தார். என் தோளைத் தொட்டு, "என்ன செஞ்சிருந்தாலும் நல்ல மனுஷன். போனதை மறந்துருவோம்" என்றார். குழி மூடாத நேரம் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "அவர் என்னய்யா செஞ்சாரு? உமக்குத் தெரியும். இங்கன வச்சுச் சொல்லும், அவரு மக முன்னாடி!"

பாதிரியார் ஜெபத்தை நிறுத்தினார். "அதே மீன்தான்" என்று முனகினார் கணக்குப்பிள்ளை.

சாரின் மகள் கையில் எடுத்த மண்ணைப் போடாமல் நிமிர்ந்தாள். "சத்தமாச் சொல்லுங்க."

அப்பாவின் கோபம் அவளிடம் பத்திரமாக இருக்கிறது. என் பங்கை நானும் வைத்திருக்கிறேன்.