கம்ப்ரசருக்குப் பூசிய பச்சை பெயிண்ட்

போன வாரம் ஆயுத பூஜை. என் பட்டறையில் பிரஷ்ஷைத் தொட எனக்கே அனுமதி இல்லை. கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள்... சிரியுங்கள்.

அஞ்சாம் கிளாஸைத் தாண்டாதவன் நான். ஆனாலும் மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் ஆள் திருவொற்றியூரில் யார் என்று கேட்டால், என் பெயரைத்தான் சொல்வார்கள். இதில் எனக்கென்ன கூச்சம்?

மூன்று மாதத்துக்கு முன்னால், நாங்கள் பெயிண்ட் அடித்து அனுப்பிய இரும்புப் பெட்டிகள் லாரியோடு திரும்பி வந்தன. அம்மை போட்டதுபோல உடம்பெல்லாம் கொப்புளம். இன்னொரு தடவை இப்படி வந்தால் ஆர்டர் வேறு பட்டறைக்கு என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஸ்பிரே அடிப்பவன் எத்திராஜ். பன்னிரண்டு வருஷமாக என்னோடு இருப்பவன்.

“தலைக்கு எண்ணெ வெச்ச கையோட பெட்டியத் தொட்டியாடா?”

“நான் இன்னா பண்ணேன் நைனா? ஸ்பிரே கன்னுல காத்தோட தண்ணி வருது. கம்ப்ரசரப் பாரு.”

“அது என் கையால மாட்டுனது. அத்தயே கொற சொல்றியா?”

அவன் ஸ்பிரே கன்னைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, புளியந்தோப்பு வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டான்.

புது ஆள் வந்தான். அதே கொப்புளம்.

ராயபுரத்திலிருந்து காற்றுக் குழாய் போடும் ஃபிட்டர் ஜோசப்பை வரவழைத்தேன். கம்ப்ரசர் டேங்க்குக்கு அடியில் படுத்துக் கையால் தடவினான்.

“பெர்சு, தண்ணி தொறந்துவுடற வால்வு எங்க கீது?”

காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக டேங்க்கில் தங்கும். கடலோரக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? தினமும் அடி வால்வைத் திறந்து வடிக்க வேண்டும். எனக்குத் தெரியும். யாரோ திறக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஜோசப் சுரண்டினான். பச்சை உதிர்ந்தது. அதற்கடியில் இன்னொரு பச்சை. அதற்கும் அடியில்... ஒவ்வொரு பூஜைக்கும் கம்ப்ரசருக்கு ஒரு கோட் நான்தான் அடிப்பேன். வேறு யாரையும் விடமாட்டேன். வால்வு அந்தப் பெயிண்டுக்குள்ளேயே சமாதி ஆகியிருந்தது.

“நல்லாத்தான் அலங்காரம் பண்ணிகிற பெர்சு. சாமிக்கு மூக்கத் தவிர எல்லாம் கீது.”

காற்றை இறக்கிவிட்டு வால்வைத் திருகினான். துருத் தண்ணீர் வாசல்வரை ஓடியது. அசதியில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தப்பு எங்கே என்று ஊரெல்லாம் தேடுகிறோம். ஆசையாக நாம் செய்ததில் யார் தேடுகிறோம்?

ஜோசப் பைப்பைச் சரிவாகப் போட்டான், தண்ணீர் ஒரு மூலைக்கு வடிய. கன்னுக்குப் போகும் கிளைக் குழாயை பைப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுத்தான். ஈரத்தைப் பிடிக்க ஃபில்டர், ட்ரையர் எல்லாம் வந்தது. வெள்ளைத் துணியில் ஊதிப் பார்த்தோம் — ஒரு பொட்டு ஈரம் இல்லை.

காற்று சரியாகிவிட்டது. ஆள்?

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் மூன்று மாடி ஏறினேன், இந்த முட்டியோடு. எத்திராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“இன்னா நைனா, கம்ப்ரசரப் பாத்தியா?”

“பாத்தேன். என் பெயிண்டுதான்டா வால்வ மூடிகினு இருந்துது.”

அவன் சிரிக்கவில்லை. “தெனம் காலீல நீயே குனிஞ்சு தொறக்கணும். சரின்னா வரேன்.”

திறக்கிறேன். முட்டி வலிக்கிறது. எத்திராஜ் பின்னால் நின்று பார்க்கிறான். பெட்டிகள் திரும்பி வருவதில்லை.

பூஜையன்று பிரஷ் அவன் கையில். எனக்குச் சந்தனக் கிண்ணம் மட்டும்.

பொட்டை எங்கே வைக்கலாம் என்றும் அவன்தான் விரலால் காட்டினான்.