குப்பைத்தொட்டியில் மின்னிய ஸ்டிக்கர்

இன்று காலை கடையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஐஸ்பெட்டிக்குள் மின்னிய சிவப்பு விளக்குகள்தான்.

எங்கள் ஊர் புந்தோங்கில் உறைந்த உணவு விற்கும் கடையில் வேலை செய்கிறேன். புதிதாக வரும் கோழி நகெட் பாக்கெட்டுகளில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதற்குள் காகிதத்தில் செய்த மெல்லிய பேட்டரி, ஒரு சின்ன விளக்கு. பச்சை என்றால் நல்லது. உள்ளே இருப்பது ஒருமுறை இளகிவிட்டால் சிவப்பு, சாப்பிடக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பேட்டரி மண்ணில் மக்கிவிடும், வீசலாம் என்றும் எழுதியிருக்கிறது.

நேற்று இரவு மழையில் கரண்டு போய், பிறகு வந்திருக்கிறது.

முதலாளி அண்ணனிடம் காட்டினேன்.

“பேப்பர்ல பேட்டரி செஞ்சா இப்படித்தான் லா. இப்ப கல்லு மாதிரி கட்டியாத்தானே இருக்கு? ஸ்டிக்கர பிச்சிப் போடு. மண்ணுக்குக் கெடுதல் இல்லையாம்!” என்று சிரித்தார்.

சாப்பிடுகிறவர்களுக்கு?

கேட்கவில்லை. பள்ளியைப் பாதியில் விட்ட எனக்குக் கிடைத்த ஒரே வேலை இது. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டேன்.

மதியம் எங்கள் பிளாட் அக்கா, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

“தங்கச்சி, நகெட் ரெண்டு பாக்கெட் குடு. இவன் வேற எதயும் வாயில வைக்க மாட்டேங்கிறான்.”

நான் அசையவில்லை. முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா முழிக்கிற? ஸ்டாக் ஹாபிஸ் ஆயிருச்சா, எல்லாம் முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார் அக்கா.

குப்பைத்தொட்டிக்குள் கைவிட்டு, இன்னும் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்த ஒரு ஸ்டிக்கரை எடுத்தேன். ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, அதன் மேல் திரும்ப ஒட்டி, அக்காவிடம் நீட்டினேன்.