பெரியப்பாக் கட்டி

எங்கள் பக்கம் குளிர்காலமே கிடையாது என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவேன். மார்கழியில் மம்சாபுரத்துக்கு மேற்கே, ஊருக்கும் மலைக்கும் நடுவில் இருந்த பெரியப்பாவின் தோட்டத்து வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்த்திருந்தால் அவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிடும். அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். பெரியப்பா குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போனால் அவர் வளர்த்த மாடே அவரைப் பார்த்து மிரளும். குளியல் பம்புசெட்டில். கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுவென்று ஆவி பறக்க வந்து விழும். தொட்டிக்குள் இருக்கும்வரை சொர்க்கம்தான். வெளியே வந்து துண்டை எடுப்பதற்குள் பற்கள் தந்தியடிக்கும்.

எண்பதுகளில் அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டராக இருந்தார். அப்பா, அம்மா, நான் மூவரும் மில்லுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அரைப் பரீட்சை முடிந்த அன்றே என்னைத் தோட்டத்துக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். லீவு முடிந்து திரும்பி, பொங்கலுக்கு மறுபடியும் எல்லோருமாகப் போவோம். தோட்டத்து வீட்டில் இருந்தது மூன்று பேர். அப்பாவின் அண்ணனான பெரியப்பா, பெரியம்மா, அப்பாவின் தங்கையான என் அத்தை. பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அந்த வீட்டுக்கு நான்தான் ராணி, அத்தைதான் மந்திரி. எங்கள் ஆட்சி பற்றி பெரியம்மாவுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

அத்தை மம்சாபுரத்தில் பால்வாடி டீச்சர். நாள் முழுவதும் முப்பது குழந்தைகளை மேய்த்துவிட்டு வந்தும் என்னோடு விளையாட அவளுக்குத் தெம்பு இருக்கும். மார்கழிப் பகலில் எங்கள் முக்கியமான வேலை பொங்கல் கட்டி செய்வது. பொங்கல் பானையை ஏற்றுவதற்கு மூன்று மண்கட்டிகள் வேண்டும். கண்மாயிலிருந்து களிமண் கொண்டுவந்து, உமி சேர்த்து மிதித்து, முழங்கை உயரத்துக்குப் பிடித்து வெயிலில் காயவைப்போம். காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்து காவிப்பட்டை போட வேண்டும். எல்லா வீட்டிலும் அத்தோடு முடிந்துவிடும். அத்தை மட்டும் கட்டிகளுக்கு மூக்கும் காதும் வைப்பாள். தொந்தி போட்ட பெரிய கட்டி பெரியப்பா. நீள மூக்கு உள்ளது அப்பா. குட்டையாக, கோபமாக இருப்பது பெரியம்மா. சுண்ணாம்பு அடித்தபின் முகம் தெரியாது. ஆனால் எங்களுக்குத் தெரியும்.

பெரியப்பாக் கட்டி எப்போதும் மேற்கே, மலைக்கு முதுகு காட்டி உட்காரும். மற்ற இரண்டும் கிழக்குப் பக்கம்.

நிஜப் பெரியப்பாவுக்குப் பொங்கல் பானை என்பது சாமியின் வாய். பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறதோ அதுதான் அந்த வருடத்துக்கான உத்தரவு. கிழக்கே வழிந்தால் வீட்டில் கல்யாணம். வடக்கே வழிந்தால் நல்ல விளைச்சல். மேற்கே வழிந்தால் மழை. தெற்கே வழிந்தால் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. அப்பாவோ மில் ஆள். "அண்ணே, சாமி சொல்லுதது சொல்லட்டும். அடுப்பு கோணலா இருந்தா சாமி என்ன செய்யும்?" என்று மில்லிலிருந்து ரசமட்டத்தைக் கொண்டுவருவார். பொங்கலுக்கு முந்தின சாயங்காலம் கட்டிகளை வைத்து, மேலே ஒரு பலகை போட்டு, அதன் மேல் ரசமட்டத்தை வைப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் வந்து நின்றால்தான் ஆட்டம் தொடங்கலாம். "ஒரு கட்டி விரக்கடை இறங்குனாலும் போதும், பால் அந்தப் பக்கந்தான் போகும்" என்று எனக்கு விளக்கமும் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

ஏனென்றால் எனக்கு ஒன்பது வயதான அந்த மார்கழியில் அத்தையைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை, தபால் ஆபீசில் வேலை. கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்தே இருந்ததால் அவர் அத்தையைப் பார்த்தாரா, பஜ்ஜியைப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம். போகும்போது பெரியப்பா, "தை பொறந்து தாக்கல் சொல்லுதோம்" என்றார். சம்மதமா இல்லையா என்பதைப் பானை சொல்லட்டும் என்று அர்த்தம்.

அத்தை போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? பெரியம்மாவோடு பல்லாங்குழி ஆட முடியாது, அழுகுணி ஆட்டம் ஆடுவாள். பொங்கலன்று விடியற்காலையில் எல்லோரும் பம்புசெட்டுக்குப் போனதும் நான் ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு அடுப்புக்கு ஓடினேன். பெரியப்பாக் கட்டியை நகர்த்தி, கீழே மண்ணைச் சுரண்டிவிட்டு, திரும்ப வைத்தேன். சூரியன் எழுந்தது. பால் அழகாக மேற்கே வழிந்தது. "மழை!" என்றார் பெரியப்பா. கல்யாணப் பேச்சு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. அடுத்த வருடமும் சுரண்டினேன். மறுபடியும் மழை. என் சாமர்த்தியத்தை நினைத்து நானே பூரித்துப் போயிருந்தேன்.

மூன்றாவது மார்கழியில் அத்தையும் நானும் களிமண் மிதித்துக்கொண்டிருந்தோம். வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு.

"இந்த வருசமும் மேற்கதான் பொங்கும் பாரேன் அத்தை."

அத்தை எப்போதும்போல் சிரிப்பாள் என்று நினைத்தேன். மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, வாயக் கழுவு."

முகத்தைப் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது. குனிந்து, கையில் வந்த மண்ணை உருட்டிக்கொண்டே சொன்னாள். "வில்லிபுத்தூர்ல அவிய ரெண்டு வருசமா வேற பொண்ணே பாக்க மாட்டேன்னு இருக்காவளாம். அவிய அக்காவும் பால்வாடி டீச்சர்தான், மீட்டிங்குல பாத்தப்போ சொன்னாவ. இன்னும் எம்புட்டு நாளைக்குத்தான் இருப்பாவ, சொல்லு."

"உனக்கு அவியளப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்காமயா ரெண்டு வருசமா அந்தப் பானையப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்?"

மழை, மழை என்று நான் குதித்த இரண்டு பொங்கலிலும் அத்தை சிரித்தபடி பானைக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அந்தச் சிரிப்பை அவள் எங்கிருந்து கொண்டுவந்தாளோ. நான்தான் செய்தேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அன்று அவள் செய்த பெரியப்பாக் கட்டிக்கு மூக்கு வைக்க மறந்துவிட்டாள். நான்தான் வைத்தேன்.

சுரண்டிக் கெடுத்ததை முட்டுக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பெரியப்பாவை இறக்கினால் பால் மேற்கே போகிறது. பெரியப்பாவைத் தூக்கினால் கிழக்கே போயாக வேண்டும். உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றைப் பத்திரப்படுத்தினேன்.

பொங்கல் வந்தது. முந்தின சாயங்காலம் அப்பா குமிழியை நடுவில் நிறுத்தி, "மட்டம் சரியா இருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மறுநாள் விடியற்காலையில் பம்புசெட்டில் எல்லோருக்கும் ஒரே மறதி. பெரியம்மா மஞ்சளை மறந்துவிட்டேன் என்று வீட்டுக்குப் போய் வந்தாள். அத்தை சோப்பு டப்பாவை மறந்துவிட்டாள். அப்பா துண்டை மறந்துவிட்டார். எனக்கும் வசதியாகப் பாவாடை மறந்துபோனது. பெரியப்பா மட்டும் எதையும் மறக்காமல் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய் இருட்டில் தடவிச் சில்லைச் செருகினேன். கட்டி கொஞ்சம் ஆடியதுபோல இருந்தது. யாராவது வந்துவிடுவார்களே என்று அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அம்மா அடுப்பைச் சுற்றிக் கோலம் போட்டாள். பெரியம்மா பானையை ஏற்றி, பாலும் தண்ணீரும் ஊற்றி, பனை ஓலையைப் பற்றவைத்தாள். சூரியனுக்கு வழிவிட வேண்டும் என்பதால் கிழக்குப் பக்கம் மட்டும் யாரும் நிற்கக் கூடாது. நல்லவேளை. பால் நுரைத்துக் கழுத்துக்கு வந்தது. பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் "பொங்கலோ பொங்கல்" என்று வாயைத் திறந்தோம். பெரியப்பாக் கட்டி மெல்ல முன்னால் சாய்ந்தது. பானை ஒரு தடவை யோசித்தது. அப்புறம் மொத்தமாகக் கிழக்கே கவிழ்ந்தது.

பால் வாசலில் ஓடியது. நெருப்பு சீறி அணைந்தது. பொங்கல் பானை கவிழ்வதைவிடப் பெரிய அபசகுனம் கிடையாது. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. சில்லைச் செருகி அத்தையின் வாழ்க்கையையே கவிழ்த்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது.

பெரியப்பா மட்டும் குல்லாவைச் சரிசெய்துகொண்டு அடுப்பைச் சுற்றி வந்தார். குனிந்து தரையைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் போயிருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"கெழக்க... பெரியப்பா."

"வேற பக்கம் ஒரு சொட்டு போயிருக்கா?"

"இல்ல."

"அம்புட்டும் கெழக்கதான்." அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். "ஏலே, ரெண்டு வருசமா நாம தாக்கல் சொல்லாம இழுத்தடிச்சதுல சாமிக்குக் கோவம் வந்துட்டு. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு, பானையவே தூக்கி எறிஞ்சிட்டு. சட்டையப் போடு. இன்னைக்கே வில்லிபுத்தூர் போயிச் சொல்லிருவோம்."

"மொதல்ல பொங்க வைப்போம்ணே. செத்த நேரம் கழிச்சுப் போவோம்."

"சரி, நான் போயி வேற பானை எடுத்துட்டு வாரேன்" என்று பெரியப்பா உள்ளே போனார்.

அப்பா அடுப்பைச் சரிசெய்யக் கட்டியைத் தூக்கினார். கீழே என் ஓட்டுச் சில்லு கிடந்தது. அதன் மேல் ஊறுகாய் ஜாடி உடைந்த துண்டு. அது பெரியம்மாவுடைய ஜாடி. அதற்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு சிலேட்டுத் துண்டு. பால்வாடியைத் தவிர அந்த வீட்டுக்கு சிலேட்டு வர வழி கிடையாது. எல்லாவற்றுக்கும் அடியில் வட்டமாக, கனமாக, மில்லில் மட்டுமே பார்க்கக்கூடிய ஒரு இரும்பு வாஷர்.

பெரியம்மா வானத்தைப் பார்த்தாள். அத்தை கோலத்தைப் பார்த்தாள். அப்பா ரொம்ப நிதானமாக வாஷரை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். உள்ளேயிருந்து பெரியப்பா சாமிக்கு நன்றி சொல்வது சத்தமாகக் கேட்டது. அங்கே நின்றவர்களில் எந்தச் சில்லும் வைக்காத ஒரே ஆளான அம்மா எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இந்த வீட்டுல பெரியத்தான் ஒருத்தரத் தவிர வேற யாராவது சாமிய நம்புதியளா?"

முதலில் சிரித்தது அத்தைதான். பாலிலும் சாம்பலிலும் கால் வழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்பா எனக்கு மட்டும் கேட்கும்படி, "போன ரெண்டு வருசமும் பொங்கல் முடிஞ்சதும் நீ தோண்டுன குழிய நான்தான் மூடுனேன்" என்றார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவரை நான் கேட்கவில்லை. தங்கையை அனுப்ப அவருக்கும் மனசு வரவில்லை என்பது அவர் முகத்திலேயே இருந்தது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் காசி இல்லை, பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனாலும் அடுத்த அரைப் பரீட்சை லீவில் தோட்டத்து வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. எண்ணெய் உறைந்தது, பெரியப்பா குல்லா போட்டார், மாடு மிரண்டது, எதற்கும் சிரிப்பு வரவில்லை. பெரியம்மா கேட்காமலே என்னோடு களிமண் மிதிக்க வந்தாள். இரண்டு செட் கட்டி செய்தோம். ஒன்று எங்களுக்கு, ஒன்று அத்தையின் தலைப்பொங்கலுக்கு. மூக்கு வைக்கப் பெரியம்மாவுக்கு வரவில்லை, சுண்டைக்காய்போல வைத்தாள்.

வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, மூன்று கட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு சீர் கொடுக்கப் போனோம். அத்தை கட்டிகளைத் தடவிப் பார்த்து, "இது யாருட்டி, பெரியண்ணனா? சளி பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். மற்றவர்கள் கிளம்பும்போது என்னை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டாள்.

பொங்கலன்று காலையில் அவள் வீட்டு வாசலில் பால் பொங்கியது. மேற்கே வழிந்தது.

"மேக்க பொங்குதே. உங்க பக்கம் இதுக்கு என்ன சொல்லுவாவ?" என்று அவள் மாமியார் கேட்டார்.

"மழை வரும்பாவ அத்தை" என்றாள் என் அத்தை.

படைத்துச் சாப்பிட்டு முடித்து, சாம்பலை ஒதுக்க நான் கட்டிகளை நகர்த்தினேன். கிழக்கே இருந்த இரண்டு கட்டிகளுக்குக் கீழும் ஒவ்வொரு சிலேட்டுத் துண்டு இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே, மம்சாபுரம் இருக்கும் பக்கம் பார்த்து நின்றாள்.

"அங்கனயும் இந்நேரம் பொங்கியிருக்கும்லா?" என்றாள்.

"பொங்கியிருக்கும் அத்தை" என்றேன்.

மாமியார் வருவதற்குள் சிலேட்டுத் துண்டுகள் இரண்டையும் எடுத்து, அப்பா செய்ததுபோலவே இடுப்பில் செருகிக்கொண்டேன்.