சவுதி போனில் நான் ஏற்றிய தமிழ்

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வயதை விடத் திமிர் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் தெருவில் என் அண்ணன் செல்போன் கடை வைத்திருந்தார். முன்பக்கம் ரீசார்ஜ், சார்ஜர், கவர் எல்லாம் அவர் பாடு. பின்பக்கத்து மேஜையும் கம்ப்யூட்டரும் போனுக்கு சாப்ட்வேர் ஏற்றுகிற பெட்டியும் என் பாடு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளைக் கொண்டுவந்து அங்கே உட்கார வைத்தார். ஒரு வருஷத்தில் வத்தலக்குண்டு, சித்தையன்கோட்டை வரைக்கும் ‘அந்தப் பொண்ணுகிட்டக் குடு, சரியாப் பண்ணும்’ என்று பேச்சாகிவிட்டது. அந்தப் பேச்சு என் காதுக்கும் வந்தது, தலைக்கும் ஏறியது.

இன்றைக்கு போன் தன்னைத் தானே அப்டேட் செய்துகொள்கிறது. புத்தாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த அந்தக் காலத்தில் அப்படியில்லை. ஒரே மாடல் போன்தான், ஒரே நிறம்தான், ஆனால் எந்த நாட்டில் விற்பதற்காக அனுப்பினார்களோ அந்த நாட்டுக்கென்று உள்ளே தனி சாப்ட்வேர். இந்தியாவுக்கு வந்த போனில் இங்கிலீஷ், இந்தி, தமிழ், தெலுங்கு இருக்கும். சவுதிக்குப் போன போனில் இங்கிலீஷ், அரபி, உருது. உள்ளே இருந்த இடமே கொஞ்சம் என்பதால், ஒரு நாட்டுக்கு வேண்டாத எழுத்தை அதில் வைக்கவே மாட்டார்கள். வைக்காத எழுத்தில் மெசேஜ் வந்தால் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கட்டங்கள்தான் தெரியும். எது எந்த நாட்டுப் போன் என்பதற்கு பேட்டரிக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர், அதில் ஏழு இலக்க எண். அந்த எண்ணைப் பார்த்து அதற்குரியதைத்தான் ஏற்ற வேண்டும்.

அது கம்பெனி முறை. எங்கள் முறை வேறு. ஊரில் பாதி போன் சவுதியிலிருந்தும் துபாயிலிருந்தும் சூட்கேஸில் வந்தவை. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: தெரியாமல் எதையோ அழுத்திவிட்டேன், அரபியாக வருகிறது, எடுத்துவிடுங்கள். நாங்கள் போனை கம்ப்யூட்டரில் மாட்டி, உள்ளே பதிந்திருக்கும் நாட்டு எண்ணையே இந்திய எண்ணாக மாற்றி, இந்திய சாப்ட்வேரை ஏற்றிக் கொடுத்துவிடுவோம். ஸ்டிக்கரை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இதில் என் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. அப்பா கான்வென்ட் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதன்முதலாக அவருடைய போனில் தமிழ் ஏற்றிக் கொடுத்தபோது கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மெனுவையும் சத்தமாக வாசித்தார். மொழிபெயர்ப்பில் நான்கு பிழை கண்டுபிடித்து என்னைத் திட்டினார், ஏதோ நான்தான் எழுதியது போல. ஆனால் அன்றைக்கு முழுக்கப் போனைக் கீழே வைக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு எந்தப் போன் என் மேஜைக்கு வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தமிழ் ஏற்றாமல் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தொண்டு செய்கிறேன் என்று நினைப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பேகம்பூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கறுப்பு புர்கா, முகம் திறந்திருந்தது. கணவர் சவுதியில் ஒரு வீட்டில் சமையல்காரர், அவர் போன லீவில் கொண்டுவந்த போன், அடிக்கடி தானாக நின்று போகிறது, அப்டேட் பண்ணினால் சரியாகும் என்கிறார்கள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, கறி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று போனார். நான் வேறெதுவும் கேட்கவில்லை. உள்ளே இருந்த நம்பர்களையும் மெசேஜ்களையும் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தேன். எண்ணை மாற்றினேன். புதிய இந்திய சாப்ட்வேரை ஏற்றி, எடுத்து வைத்ததையெல்லாம் திரும்ப உள்ளே போட்டேன். நம்பர்கள் எல்லாம் சரியாக இருந்தன. மெசேஜ்களைத் திறந்து பார்க்கவில்லை. அடுத்தவர் மெசேஜைப் பார்ப்பதில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு.

அவர் திரும்பி வந்தபோது கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். நான் போனை நீட்டி, தமிழே வந்துவிட்டது, இனி எல்லாம் தமிழில்தான், வாசித்துப் பாருங்கள் அக்கா என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார். செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “நல்லாருக்குமா” என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு போனார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை, கடை திறந்த கையோடு வந்தார். அண்ணன் இருப்பதைப் பார்த்துவிட்டு நேராகப் பின்பக்கம் என் மேஜைக்கு வந்து நின்றார். போனைத் திறந்து காட்டினார். ஆறு மெசேஜ், எல்லாம் கட்டம் கட்டமாக.

“பழையபடி அரபி வரணும்மா. எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.”

எனக்குப் புரியவில்லை. அரபி மொழி தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். அவர் பிறந்தது கீழக்கரைப் பக்கம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. குர்ஆன் ஓதப் போன இடத்தில் தமிழையே அரபி எழுத்தில் எழுதப் படித்துக்கொண்டார். கணவரும் அதே ஊர்ப் பக்கம்தான், அதே படிப்புதான். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாக அவர்கள் இருவரும் தமிழை அப்படித்தான் எழுதிக்கொள்கிறார்கள், முதலில் கடிதம், பிறகு மெசேஜ். வெள்ளிக்கிழமை மட்டும் அவர் போனில் கூப்பிடுவார், இங்கிருந்து சவுதிக்குக் கூப்பிடக் கட்டுப்படியாகாது. ஆனால் அது மாமியார், கொழுந்தன்மார், ஓரகத்திமார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசுகிற பேச்சு. வீட்டில் மற்றவர்களுக்கு ஓதத் தெரியும், அவசரமாக உயிர்க்குறி வைக்காமல் எழுதுகிற இந்தத் தமிழை வாசிக்கத் தெரியாது. தனியாகப் பேசிக்கொள்ள அவர்களுக்கு இருந்தது அந்தப் போன்தான்.

தமிழாசிரியர் மகள் நான். தமிழ் பேசுகிறவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாமல் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா என்று கேட்டேன். அம்புட்டுப் பேர் நிற்கும்போது எழுத்துத் தெரியாது என்று எப்படிச் சொல்வது என்றார்.

பழைய சவுதி சாப்ட்வேரை ஏற்றப் பார்த்தேன். போன் மறுத்தது. புதியதை ஏற்றிய பிறகு அதைவிடப் பழையதை அது உள்ளே விடாது. வலுக்கட்டாயமாக ஏற்றினால் போனே செத்துப் போகலாம். சவுதிக்குரிய புதியதை இறக்க வேண்டும், எங்கள் இன்டர்நெட்டில் அதற்கு மத்தியானம் ஆகிவிடும். அதிலும் அரபி உள்ள சாப்ட்வேர் இரண்டு கண்ணில் பட்டன. ஒன்று சவுதிப் பக்கத்துக்கு, மற்றது பிரெஞ்சும் சேர்ந்து வேறு நாடுகளுக்கு. எது என்று தெரியாமல் பேட்டரியைக் கழற்றினேன். ஸ்டிக்கரில் ஏழு இலக்கமும் அழியாமல் இருந்தன. செவ்வாய்க்கிழமையும் அவை அங்கேதான் இருந்திருக்கும்.

இறங்கும்வரை காத்திருக்க முடியாது, இந்த ஆறு மெசேஜில் என்ன இருக்கிறது என்று இப்போதே தெரிய வேண்டும் என்றார் அவர். கணவர் தன் கண்ணில் ஏதோ கோளாறு என்று, போனை என்னிடம் கொடுப்பதற்கு முன்பே எழுதியிருந்தாராம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனில் எழுத்து இல்லையே தவிர மெசேஜ் அழியவில்லை. தமிழுக்காக என் கம்ப்யூட்டரில் நான் போட்டு வைத்திருந்த வசதியிலேயே அரபியும் வரும். கேபிளை மாட்டி ஆறு மெசேஜையும் கம்ப்யூட்டருக்கு இழுத்தேன். கட்டங்கள் இருந்த இடத்தில் வளைந்து வளைந்து எழுத்து வந்தது. அண்ணன் எதுவும் கேட்காமல் எழுந்து வெளியே போய் நின்றார். நானும் எழுந்து என் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றேன்.

அவர் வாய்க்குள் வாசித்தார். பழக்கம் போலிருக்கிறது, சத்தம் வெளியே கேட்டது. எனக்கு அரபியாகத் தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பேசுகிற தமிழ் வந்தது. கண்ணுக்குள் திரை கிழிந்திருக்கிறதாம். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமாம், செய்தாலும் பார்வை வரும் என்று உறுதி சொல்ல மாட்டோம் என்கிறார்களாம். முதலாளி சேர்த்துவிடத் தயார், சனிக்கிழமை நாள் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. நீ சரி என்று சொன்னால் செய்துகொள்கிறேன். இதுதான் முதல் மெசேஜ். அடுத்த நான்கும் பதில் எங்கே என்று கேட்டவை. ஆறாவதை அவர் சத்தமில்லாமல் வாசித்தார். நான் திரும்பிப் பார்த்தேன்.

“வெள்ளிக்கிழம எல்லாரும் இருக்கையில, மெசேஜ் பாத்தியான்னு கேட்டாக. பாத்தேன்னு சொல்லிட்டேம்மா. கட்டம் கட்டமா வருதுன்னு அம்புட்டுப் பேரு முன்னாடி எப்படிச் சொல்ல?” என்றார். “பாத்துட்டும் பதில் போடல, உனக்கு இஷ்டமில்லன்னு தெரிஞ்சுபோச்சு, ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டேன்னு எழுதிருக்காக.”

என் போனிலிருந்தே சவுதிக்குப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது முறை கணவர் எடுத்தார். இவர் அழாமல் பேசினார். செய்துகொள்ளுங்கள், இன்றைக்கே போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் போய்க் கேட்டிருக்கிறார். விட்ட நாள் விட்டதுதான், அடுத்த தேதி இரண்டு வாரம் தள்ளித்தான் கிடைத்தது. ஆபரேஷன் நடந்தது. வலது கண்ணில் பார்வை வரவில்லை. இதெல்லாம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் தெரிய வந்தவை. சனிக்கிழமையே செய்திருந்தால் வந்திருக்குமா என்று ஒரு கண் டாக்டரிடம் யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம் என்றார். அந்தப் பதில் எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

அன்று மத்தியானம் ஸ்டிக்கர் எண்ணுக்குரியதை ஏற்றிப் போனை அவர் கையில் கொடுத்தேன். அரபி எழுத்து வந்திருந்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் எழுதிச் சொல்லிவிடுங்கள், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “வேண்டாம்மா. நீயும் சொல்லாத. போன் ரிப்பேருன்னு தெரிஞ்சா, இவ வேண்டாம்னு சொல்லாமயே நாமளே கெடுத்துக்கிட்டமேன்னு காலம் பூரா தன்னையே திட்டிக்கிடுவாக. நான் ஏதோ கோவத்துல பேசாம இருந்தேன்னே இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு எந்தப் போன் வந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றி எண்ணை நோட்டில் எழுதினேன். எந்த எழுத்து வாசிப்பீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனியாக, மெதுவாகக் கேட்டேன். இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு என்று சிரித்தவர்கள் உண்டு. அப்பா தன் போனில் மெனுவை வாசிக்கும்போது நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த அக்காவும் அவர் கணவரும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். ஒல்லியான மனிதர், சிரித்த முகம். வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டாராம், அடுப்புப் பக்கம் நிற்க ஒரு கண் போதவில்லையாம். தாடிக்கொம்பு ரோட்டில் பிரியாணிக் கடையில் மேற்பார்வை வேலை பேசியிருக்கிறது என்றார். எழுத்தைப் பெரிதாக வைக்க முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். போனை இடது கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக் காட்டினார். நான் வாங்கி வேலையைத் தொடங்கினேன்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் அவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். “இவ லேசுப்பட்ட ஆளு இல்ல தங்கச்சி. என்ன கோவமோ, ஒரு வாரம் பதிலே போடல. அந்தக் கோவத்துல ஒரு கண்ணு போச்சு.”

விளையாட்டாகத்தான் சொன்னார். அந்த அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடி ஷோகேஸில் இருந்த கவர்களைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அவர் மாதக்கணக்காக அந்தப் பழியைச் சுமந்துகொண்டு அந்த வீட்டில் நடமாடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அது இறங்கியிருக்கும். அவர் சொல்லாதே என்றதற்காகத்தான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பயமாக இருந்தது.

பேட்டரியைப் போட்டு மூடியை அழுத்தினேன். “பெருசாத் தெரியுது அண்ணே, பாருங்க” என்று அவர் கையில் கொடுத்தேன்.